அக்காவின் மூக்கு

"அக்கா, உன் மூக்கைத்தான் திரும்பத் திரும்பப் பிரிச்சுத் தைச்சேன்."

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் போகும் ஃபெரியில், எனக்கு முன்னால் இருந்த பெண் இப்படிச் சொன்னாள். ஓவியம் படிக்கிறவள் போலும். மடியில் ஒரு துணிச் சுருள். பக்கத்தில் தொழிற்சாலைச் சீருடையில் அவளுடைய அக்கா.

"என் மூஞ்சியையா தைச்ச? எதுலடி?"

"உன் பழைய யூனிஃபார்ம்லதான். நம்ம வீட்டு போட்டோவெல்லாம் கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டி, துணியில பிரிண்ட் எடுத்து, அதையே உன் முடியா தைச்சிட்டேன். கண்ணு மட்டும் பெயிண்டிங். இன்னிக்குக் கண்காட்சியில மாட்டப்போறாங்கக்கா!"

"ஐயோ, எல்லாரும் பார்ப்பாங்களே! வேணாம்லா. என்னைக் கேட்டியா நீ?"

தங்கையின் குரல் இறங்கியது. "நீ வேணாம்னா மாட்டல. ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லு."

இருவரும் எழுந்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் துணியை விரித்தார்கள். நீலத்தில் ஒரு பெரிய முகம் சிரித்தது. கடற்காற்றில் அதன் கன்னங்கள் உப்பின. பின்னாலிருந்த மலாய்க்கார அம்மா, "சாந்தேக்!" என்று அதன் அழகை மெச்சிக் கைதட்டினார்.

அக்கா துணியின் கீழ்மூலையைக் குனிந்து பார்த்தாள்.

"உன் பேரு மட்டும்தான் இருக்கு. என் பேரு எங்கடி? அப்பா பேரோட சேர்த்து முழுசா போடு."

ஃபெரி கரையைத் தொட்டபோது தங்கை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.