தங்கச்சியின் கழுத்து

ஒரு நெக்லஸ் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது, மேடம். யாராவது ஒருவர் கழுத்தில் போட்டுக் காட்ட வேண்டும். நீங்களும் நகை வாங்கியிருப்பீர்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. கண்டியில் எங்கள் கடையில் இருபத்தேழு வருடமாக அந்த யாராவது ஒருவர் நான்தான்.

காகிதமும் பேனாவும் தந்து வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதச் சொன்னீர்கள். அது நல்லதாகப் போயிற்று. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், அழுதால் நடிக்கிறேன் என்பீர்கள். எழுதும்போது எனக்கு ஒரு நிதானம் வரும்.

என் பெயர் கமலம். வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. குண்டசாலையில் ஓர் அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்து இருக்கிறேன். பிறந்தது ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில். பதினாறு வயதில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க மலையிலிருந்து இறங்கினேன். பிறகு நகைக்கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். ஒரு நாள் அட்டியல் காட்ட ஆளில்லாமல் பெரிய முதலாளி என்னைக் கூப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி, அதை என் கழுத்தில் வைத்தார். அட்டியல் அன்றைக்கே விற்றுப்போனது. அதற்குப் பிறகு யாரும் என் கையில் துடைப்பம் தரவில்லை.

கடைக்கு வந்த நகையில் என் கழுத்தில் ஏறாதது கிடையாது. தாலிக்கொடியை மட்டும் கையில் தூக்கிப் பிடித்துக் காட்டுவேன். கல்யாணமாகாதவள் அதைப் போடக் கூடாது என்று பெரிய முதலாளியின் அம்மா சொல்லியிருந்தார். மற்றதெல்லாம் போட்டேன். போட்டதும் நாடியைக் கொஞ்சம் உயர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். பகல் வெளிச்சத்தில்தான் தங்கம் தன் நிறத்தைக் காட்டும். எதிரில் கதிரையில் இருக்கிற பெண் என் கழுத்தைப் பார்ப்பாள், அதில் தன் கழுத்தைக் காண்பாள், மனம் இளகும். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

போன வருடம் மாத்தளையிலிருந்து ஓர் அம்மா மகளுக்கு நகை எடுக்க வந்தார். நான் போட்டு நின்றேன். அவர் பார்த்தது நகையை இல்லை. "அந்தத் தங்கச்சி போட்டுக் காட்டட்டுமே," என்றார். அவர் காட்டிய தங்கச்சி தர்ஷனா. வயது இருபத்திரண்டு, வந்து நாலு மாதம்.

பாவம், தர்ஷனா நல்ல பிள்ளை. "அக்கா, தப்பா நெனைக்காதீங்க," என்று என் காதோடு சொல்லிவிட்டுத்தான் போட்டாள். நகை விற்றது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி அப்படி நடந்தது. என் முகம் இன்னும் கெடவில்லை, மேடம், நீங்களே பார்க்கிறீர்கள். கன்னம் அப்படியே இருக்கிறது. நாடிக்குக் கீழேதான் தோல் இரண்டு வரிசையாகத் தளர்ந்து, பிழியாமல் கொடியில் போட்ட துணி மாதிரி இறங்கிவிட்டது. இப்போதைய முதலாளி நடராஜா, பெரியவரின் மகன், ஆனி மாதக் கடைசியில் என்னைக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். "கமலக்கா, ஆவணி வரைக்கும் நீங்க பில்லு எழுதுற பக்கம் இருங்க. முகூர்த்த யாவாரம் முடியட்டும், பொறவு பாப்போம். நீங்களும் எவ்வளவு காலந்தான் நின்னுக்கிட்டே இருப்பீங்க," என்றார். வீட்டுக்குப் போ என்பதை இதைவிட இனிமையாக யாரும் சொல்ல முடியாது.

எனக்குப் பயமாக இருந்தது. எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பயத்தை நீங்கள் விளங்கிக்கொள்ளாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. கண்ணாடி முன் நின்றால் நான் கமலம். அந்தப் பக்கம் போகாவிட்டால் தோட்டத்திலிருந்து வந்து குண்டசாலையில் தனியாகக் கிடக்கிற ஒரு கிழவி. இரண்டுக்கும் நடுவில் இருந்தது நாலு விரல் அகலத் தோல்.

செய்யாத வைத்தியம் இல்லை. கற்றாழை பூசினேன். முட்டை வெள்ளைக்கரு பூசிக்கொண்டு படுத்த நாட்களில் எறும்புகள்தான் என்னைப் பார்த்து மயங்கின. நாக்கை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மேலே பார்க்கிற பயிற்சியை பஸ்ஸில்கூடச் செய்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். கடைசியில் டவுனில் ஒரு தோல் டொக்டரிடம் போனேன். இளம் பெண், பொறுமையாகப் பேசினார். கிரீம் போட்டால் தோல் கொஞ்சம் மினுங்கும், தொங்கியது ஏறாது என்றார். சூடு வைக்கிற மெஷின் இருக்கிறது, பல தடவை வர வேண்டும், பலன் தெரிய மாதக் கணக்காகும் என்றார். நூல் கோத்து இழுப்பதும் உண்டு, அது நெடுநாள் நிற்காது. உண்மையாகவே இறுக வேண்டுமென்றால் சத்திரசிகிச்சைதான், கொழும்புக்குப் போய், பிறகு சில வாரம் ஓய்வில் இருக்க வேண்டும். சில வாரம் நான் வீட்டில் இருந்தால் கடையில் என் பெயரையே மறந்துவிடுவார்கள்.

தோலை உரிக்கிற அமிலத்தைப் பற்றிக் கேட்டேன். டொக்டர் தலையை ஆட்டினார். "கழுத்துத் தோல் மெல்லிசு. அமிலம் கூடினால் புண்ணாகும். அதோட, தளர்ந்ததை அது இறுக்காது," என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "உங்கட குடும்பத்தில யாருக்காவது காயம் ஆறினா தழும்பு தடிச்சு வளருமா?"

எனக்குத் தெரியவில்லை. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். இரத்த உறவென்று மிச்சம் இருந்தது தங்கச்சி அழகம்மா மட்டும்தான். அந்தக் கேள்வியோடுதான் நான் பஸ் ஏறினேன். டொக்டர் சொன்ன மற்றதெல்லாம் வழியிலேயே மறந்துபோயின.

அமிலத்தை ஃபேஸ்புக்கில் விற்கிற ஒரு பெண்ணிடம் வாங்கினேன். இரண்டு போத்தல். ஒன்று லேசானது, மற்றது கடுமையானது. கடுமையானதை ஒரே தடவை போட்டால் போதும் என்று அவள் எழுதியிருந்தாள். ஆவணி முடிய எனக்கு இருந்ததோ ஆறே வாரம். எதைப் போடுவது, போட்டால் எங்கள் தோல் எப்படி ஆறும் என்று முதலில் தெரிய வேண்டும். யோசித்துப் பார்த்தால் நீங்களும் அதையேதான் செய்திருப்பீர்கள்.

அழகம்மா என்னைவிட மூன்று வயது இளையவள். கொழுந்து எடுக்கிறவள். புருஷன் வீரய்யாவும் தோட்டத்திலேயே வேலை. மகன் தினுஷனுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். போனில் கூப்பிட்டு, கல்யாணப் போட்டோவில் மாமியார் பளிச்சென்று நிற்க வேண்டாமா, வந்து பத்து நாள் தங்கு, கழுத்துக்கு மருந்து போட்டுவிடுகிறேன் என்றேன். அவள் சிரித்தாள்.

"கொழுந்து எடுக்கிறவளுக்கு எதுக்குக்கா கழுத்து? முந்தானைய இழுத்து மூடிக்கிட்டாப் போச்சு."

அது நியாயமான பேச்சு என்றே எனக்கும் பட்டது. அவள் கழுத்தைப் பார்த்து யாரும் எதுவும் வாங்கப் போவதில்லை. அந்த வார்த்தை என் மனதில் நின்றது.

ஆனாலும் நான் கூப்பிட்டதற்காக வந்தாள். குட்ஷெட் பஸ் நிலையத்தில் போய்க் கூட்டி வந்தேன். போஞ்சிக்காய் ஒரு பை, தேயிலைத் தூள் ஒரு பக்கெட், எனக்கென்று கொண்டுவந்திருந்தாள். அன்றைக்குப் பின்னேரமே கதிரையில் உட்கார வைத்து, வலது பக்கம் லேசானதும் இடது பக்கம் கடுமையானதும் போட்டேன். இரண்டையும் ஒரே கழுத்தில் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். இடது பக்கம் போட்டபோது கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "பரவால்லக்கா, போடு," என்றாள்.

அவளுக்குச் சீனி வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும். மறைக்க விரும்பவில்லை. சீனி உள்ளவர்களுக்குப் புண் லேசில் ஆறாது என்பதும் தெரியும். அவளுக்கே ஆறினால் எனக்குக் கட்டாயம் ஆறும் என்று நினைத்தேன்.

பகலில் கடைக்குப் போவேன். பின்னேரம் வந்ததும் அவளை ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, நாடியைத் தூக்கச் சொல்லி, போனில் படம் எடுப்பேன். நீங்கள் என் போனில் பார்த்த படங்கள் அவைதான். மூன்றாம் நாள் வலது பக்கம் மெல்லிய தாளாக உரியத் தொடங்கியது. ஐந்தாம் நாள் அதன் அடியில் புதுத் தோல், குழந்தைத் தோல். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, மேடம், சந்தோஷத்தில். இடது பக்கம் கறுத்து, வெடித்து, நீர் வடிந்தது.

"அக்கா, இந்தப் பக்கம் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"தோல் உரியிறப்ப அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

"சரிக்கா. ஒனக்குத் தெரியுந்தானே."

ஆறாம் நாள் காய்ச்சல். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அன்றைக்குத் தோட்டத்தில் அவளுக்கு கிளினிக் நாள், போகவில்லை. சீனி மாத்திரையும் முடிந்திருந்தது. வீரய்யா போனில் கேட்டபோது, "அவ நல்லா ஓய்வெடுக்கிறா, கரச்சல் பண்ணாதீங்க," என்றேன். எட்டாம் நாள் காலையில் எழுப்பினேன், அவள் எழும்பவில்லை. அவளைத் த்ரீவீலில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வெந்நீர் கொட்டிவிட்டது என்று சொன்னேன். அந்தப் பொய்யை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் கழித்து அவள் செத்துப்போனாள். கடைசி வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை.

தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கழுத்து தெரியாமல் மாலையை மேலே ஏற்றிப் போட்டது நான். வீரய்யா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, ஒங்கள நம்பித்தானே அனுப்புனேன்," என்று அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. என் கூடப் பிறந்தவள் அவள். ஒரே கம்பளியில் படுத்து வளர்ந்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வலது பக்கத்துப் போத்தலை என் கழுத்தில் போட்டேன். போடாமல் விட்டிருந்தால் அவள் பட்டது அத்தனையும் வீணாகப் போயிருக்குமே. அவளுக்கு உரிந்ததுபோலவே எனக்கும் உரிந்தது. ஐந்தாம் நாள் அதே புதுத் தோல். ஒரு தாய் பிள்ளைகள் என்பது தோலில் தெரிந்தது.

இன்று காலை வீரய்யாவின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். மூன்றாம் நாள் அழகம்மா அவரிடம் போனில் சொன்னாளாம்: "அக்கா தனக்குப் போடுறதுக்கு முன்னாடி எனக்குப் போட்டுப் பாக்குறா. என்கிட்டச் சொல்ல வெக்கப்படுறா. பாவம், அவளுக்கு அந்தக் கழுத்துதானே சோறு. இருந்துட்டுப் போகட்டும்."

வாசித்துவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் உடைந்துபோவேன் என்று நினைத்தீர்கள் போலும். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவள் தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சம்மதித்த காரியத்துக்கு என்னை மட்டும் குற்றம் சொல்வது எப்படி?

ஆனால் நீங்கள் என் கைப்பையில் அகப்பட்ட மாத்திரை அட்டையை மேசையில் வைத்தீர்கள். அதோடு மருந்துக்கடைச் சிட்டை, அதில் தேதி. அதற்குப் பதில் எழுதாமல் இந்தக் காகிதத்தை முடிக்க விடமாட்டீர்கள். எழுதுகிறேன்.

அந்தப் புண் மாத்திரையை நாலாம் நாளே வாங்கிவிட்டேன். இடது பக்கத்தைப் பற்றிச் சொன்னதும் மருந்துக்கடைக்காரர், "இன்றைக்கே இதைக் கொடுங்க, நாளைக்குக் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க," என்றார். கொடுக்க வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் யோசனை வந்தது. மாத்திரை கொடுத்தால் புண் மருந்தால் ஆறும். எங்கள் தோல் தானாக ஆறுமா, தழும்பு தடிக்குமா என்பது தெரியாமலே போய்விடும். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று பையை மூடினேன். மறுநாளும் அதையே நினைத்தேன். அவள் காய்ச்சலில் முனகியபோது பை அவள் கட்டில் காலடியில்தான் இருந்தது. ஒரு மாத்திரைகூட உடைக்கப்படவில்லை என்று நீங்கள் எண்ணிக் காட்டியது சரி. அழகம்மா சாகும்படி விட்டது நான்தான்.

இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். நேற்று கடைக்கு வந்து என்னைக் கூட்டிப்போனபோது நடராஜா முதலாளி என் கழுத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணாடி முன் இன்னும் தர்ஷனாதான் நிற்கிறாள். நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த அறையில் டியூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் எழுந்து வாருங்கள், மேடம், நான் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறேன். இறுகியிருக்கிறது, பாருங்கள்.