ஒரு விரற்கடை

— கேம்ல மறுபடியும் தப்பு, பிரியா. மயிலு தலை என் திரையில கரெக்டா கோட்டுல நிக்கிது. உன் பக்கம் வாலு ஒரு வெரக்கடை தாண்டிப் போயிடுச்சு. போன தடவையும் அதே வெரக்கடைதான்.

— நெட்டு சரியில்ல செலின்.

— கோயில் மணி அடிச்ச ஒடனே ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்குனாதான் கதவு தொறக்கும். மூணு தடவதான் அடிப்பாங்க, ரெண்டு போச்சு. உன் தங்கச்சிய கொஞ்சம் வாய மூடச் சொல்லு.

— ரேவதி, கம்முனு இரு. வூட்ல இவ கூட ஒரே ரோதனடி.

— இதோ அடிக்கிறாங்க. அமுக்கு.

— தொறந்துடுச்சு! பாத்தியா, கடைசிக் கதவு. இந்த தடவ கரெக்டா அமுக்குனேன்.

— இல்ல. நீ அதே மாதிரி லேட்டாதான் அமுக்குன. நானும் வேணும்னே லேட்டா அமுக்குனேன்.

— இன்னாடி சொல்ற?

— போன்ல ஒண்ணு ரெண்டு எண்ணுனா கொரல் லேட்டா வருதுன்னுதான மாதா கோயில் மணிய வச்சிக்கினோம். உன் தெருவுக்கும் கேக்குது, என் தெருவுக்கும் கேக்குது. எட்டு நாளா எட்டு கதவு தொறந்தோம். இன்னிக்கு மட்டும் மணி உனக்கு என் போன் வழியா வருது, அதான் லேட்டு. எங்க இருக்க?

— வூட்லதான்.

— கோயிலுக்கு நாலு வூடு தள்ளி இருக்கிறவளுக்கு மணி கேக்கல. எங்க இருக்க பிரியா?

— ஓசூர்ல. ஹாஸ்டல்ல. காலையிலதான் வந்து எறங்குனேன்.

— நம்ம ரெண்டு பேருக்கும் வேல கெடச்ச கம்பெனியா? எங்கம்மா கால் ஆப்ரேசன் முடியட்டும், அடுத்த மாசம் ஒண்ணாவே போய் சேருவோம்னு நீதான சொன்ன. மாதா முன்னாடி மெழுகுவத்தி ஏத்திட்டு சொன்ன.

— அவங்க ஒத்துக்கல செலின். ரெண்டு பேரும் இன்னிக்கே வரணும், ஒருத்தி கொறஞ்சாலும் ரெண்டு எடமும் போயிடும்னு சொல்லிட்டாங்க.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்கக்கா வந்து அம்மாவ பாத்துக்கினு இருந்திருக்கும். நான் வந்திருப்பேன்.

— உங்கம்மாவ வுட்டுட்டு வர மாட்டன்னு நெனச்சேன்.

— இரு. ஒருத்தி கொறஞ்சா ரெண்டு எடமும் போயிடும்னு சொன்னல்ல?

— செலின், போன வச்சிட்டு அப்பறம் பேசட்டுமா?

— நீ ஓசூர்ல இருக்கும்போது, ரேவதி கொரல் எப்படிடி உன் பக்கத்துல கேக்குது?