வாய் கரிக்குது

ஜான்சி: நகருங்க, சன்னலோரம் நான் உக்கார்றேன். பாப்பாவுக்குக் காத்து வேணும்.

அமிர்தராஜ்: பேச்சை மாத்தாத. உனக்குப் பல்லு வலிக்குதுன்னு என்னைக் கூட்டிட்டு வந்தது யாரு?

ஜான்சி: நான்தான்.

அமிர்தராஜ்: அப்புறம் ஆஸ்பத்திரியில எம்பேரை எதுக்குக் கூப்பிட்டாங்க?

ஜான்சி: சீட்டு எழுதுற பொண்ணு மாத்தி எழுதிடுச்சு போல... எவ்ளோ கூட்டம், பாவம்.

அமிர்தராஜ்: மாத்தி எழுதுன பொண்ணு எனக்கு முப்பத்தெட்டு வயசுன்னு மட்டும் கரெக்டா எழுதிச்சா?

கண்டக்டர்: எங்கம்மா போகணும்?

ஜான்சி: மரக்காணம் ரெண்டுண்ணா... ஏங்க, அதை விடுங்க. கோட்டக்குப்பமே தாண்டியாச்சு. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? வாயைத் தொறந்து சொல்லுங்க.

அமிர்தராஜ்: காலையிலேருந்து தொறந்துக்கிட்டுதானே இருந்தேன்.

ஜான்சி: வெளையாடாதீங்க.

அமிர்தராஜ்: வாய் கரிக்குதான்னு கேட்டாங்க. ரெண்டு வருஷமா கரிக்குதுன்னேன். ஏன் அப்பவே வரலேன்னாங்க. உப்பளத்துல வேலை செய்யிறவன் வாய் கரிக்காம இனிக்குமா மேடம்னேன்.

ஜான்சி: நம்ம ஊர்ல எல்லாரும் அதானே சொல்வாங்க.

அமிர்தராஜ்: உப்பளத்துல என்கூட வேலை செய்யிற மணிவண்ணன்கூட, "பாத்தியில நிக்கிறவனுக்கெல்லாம் இருக்குறதுதாண்டா, மூஞ்சியில துணியைக் கட்டு"ன்னான். கட்டிப் பாத்தேன். அப்புறம் உன் சமையலைத் திட்டிப் பாத்தேன்...

ஜான்சி: ம்... அது தெரியும். மேல சொல்லுங்க.

அமிர்தராஜ்: முன்பல்லுக்குப் பின்னாடி, மேலண்ணத்துல ஒரு வீக்கம்டீ. நாக்கால தொட்டா மெத்துனு இருக்கும். அப்பாவுக்கும் வாயிலதானே வந்துச்சு... கேன்சரு.

ஜான்சி: மாதாவே! இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே!

அமிர்தராஜ்: கத்தாத, பஸ்ஸே பாக்குது. கேன்சர் இல்லையாம்.

ஜான்சி: நெசமா?

அமிர்தராஜ்: நீர்க்கட்டியாம். அதுலேருந்து கசியிறதுதான் கரிக்குதாம். சின்ன ஆபரேஷன். எடுத்ததை டெஸ்டுக்கும் அனுப்புவாங்களாம், ஆனா பயப்பட வேணாம்னாங்க. இந்தா, எக்ஸ்ரே படம்.

ஜான்சி: இது என்ன நடுவுல... ஹார்ட்டின் மாதிரி இருக்கு?

அமிர்தராஜ்: அதான் கட்டி. இந்த எடத்துல வந்தா நெறைய பேருக்குப் படத்துல இப்படித்தான் தெரியுமாம்.

ஜான்சி: உங்களுக்கு மனசு எங்க இருக்குன்னு ஆறு வருஷமா தேடுறேன். மூக்குக்குக் கீழ வச்சிருக்கீங்க!

அமிர்தராஜ்: சிரி, சிரி... அவங்க சொன்னதைக் கேட்டா உனக்கும் புல்லரிக்கும். மேலண்ணம் ஒரே துண்டா வர்றதில்லையாம். அம்மா வயித்துல ரெண்டு பக்கத்துலேருந்தும் வளந்து வந்து நடுவுல ஒட்டுமாம். நாம ரெண்டு பக்கமும் வரப்பு போட்டுக்கிட்டே வந்து நடுவுல சேக்குறோமே, அந்த மாதிரி.

ஜான்சி: எப்ப?

அமிர்தராஜ்: மூணு மாசம் முடியறப்ப.

ஜான்சி: ஐயோ... நான் வாளியும் கையுமா வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடந்தேனே... அப்பவா உள்ள இந்த வேலை நடந்துச்சு?

அமிர்தராஜ்: அப்பதான். குழந்தையே அப்ப கட்டைவிரல் அளவுதானாம். சொல்லித் தர ஆளில்ல, அளந்து பாக்க ஆளில்ல... நேரா வந்து சேந்துக்குது பாரு!

ஜான்சி: எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க... என் வயித்துக்குள்ளதான் நடந்திருக்கு.

அமிர்தராஜ்: சேரும்போது கொஞ்சூண்டு தோல் உள்ள மாட்டிக்குமாம். மூக்குக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு சின்னக் குழாயும் இருந்து மூடிக்குமாம். எனக்கு அந்தக் குழாயில இருந்த மிச்சம் இத்தனை வருஷம் கழிச்சு முழிச்சிருக்கு. பாப்பாவுக்கு...

ஜான்சி: பாப்பாவுக்கு என்ன?

அமிர்தராஜ்: பதறாத. இதோ, கொட்டாவி விடுறா பாரு... மேல, நடுக்கோட்டுல.

ஜான்சி: வெள்ளை வெள்ளையா... மூணு, நாலு... பால் ஒட்டியிருக்கா?

அமிர்தராஜ்: பால் இல்ல. மாட்டிக்கிட்ட அந்தத் தோலுதான். டாக்டருங்க முத்துன்னே பேரு வச்சிருக்காங்களாம். நெறையக் குழந்தைங்களுக்கு இருக்குமாம், மருந்தே வேணாம், தானா உதிந்துடுமாம். நர்ஸ் பாப்பாவைக் கேட்டாங்கன்னு உங்கிட்டேருந்து வாங்கிட்டுப் போனேனே, எந்த நர்ஸும் கேக்கல. இதைக் காட்டத்தான்.

ஜான்சி: உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?

அமிர்தராஜ்: மூணு வாரமா. எங்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன் ஜான்சி. முத்தம் குடுத்துக் குடுத்து...

ஜான்சி: அதனாலதான் அவளைத் தூக்காம இருந்தீங்களா? பொட்டப் புள்ளைன்னு மூஞ்சைத் திருப்பிக்கிறீங்கன்னு நான்... எத்தனை நாள் அழுதேன் தெரியுமா?

அமிர்தராஜ்: சீ, லூசு! அவளைக் குடு இப்படி.

ஜான்சி: மெதுவா... தாடி குத்துது பாருங்க, நெளியிறா. எல்லாரும் பாக்குறாங்க.

அமிர்தராஜ்: பாக்கட்டும்... சரி, இப்பவாவது நெசத்தைச் சொல்லு. வீக்கத்தைப் பத்தி ஒருத்தர்கிட்டயும் நான் வாயத் தொறக்கல. எனக்குத்தான் கோளாறுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

ஜான்சி: போன ஞாயித்துக்கிழமை, மீன் கொழம்பு ஒரே கரிப்புன்னு தட்டைத் தள்ளிட்டு எழுந்தீங்களே...

அமிர்தராஜ்: ஆமா, கரிச்சுது. அதுக்கென்ன?

ஜான்சி: அன்னைக்குக் கொழம்புல நான் ஒரு கல்லு உப்புகூடப் போடலீங்க.