யார்ட்ட கேப்பே?

"...எய்ட்ஸ் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, எல்லாம் பரீட்சைல பிள்ளைங்க சரியா எழுதிட்டாங்க அக்கா. சந்தேகம் வந்தா யார்ட்ட கேப்பேன்னு கடைசில ஒரு கேள்வி. அதுக்கு என் பேர ஒரு பிள்ளகூட எழுதல. பாடம் எடுத்தது நானாக்கும்."

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. கிழக்கேகோட்டையில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். சொன்னவர் இளையவர். மூத்தவர் மடியில் சாலை பஜாரில் வாங்கிய பொட்டலம்.

"நமக்கு யாரு பாடம் எடுத்தா? ஹாஸ்டல்ல எல்லாரும் விஜயாட்டதானே போவோம்."

"அவளா? முத்தம் குடுத்தாலே வயித்துல பிள்ள வந்துரும்னு சொன்னவளாக்கும்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த விஜயாவை நானும் பார்த்திருக்கலாமே என்று இருந்தது.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது, கேட்டியா. ஆனா நம்ம முகத்தப் பாத்துப் பேசுவா. நீ போர்டப் பாத்துத்தானே எடுத்தே?"

"பின்னே? பிள்ளைங்க முகத்தப் பாத்தா எனக்கு நாக்கு எழும்பாது."

"அவங்களுக்கு மட்டும் எழும்புமா?"

பட்டம் ஸ்டாப்பில் இளையவருடைய பள்ளி யூனிபார்மில் ஒரு பெண் ஏறினாள். டீச்சரைக் கண்டதும் ஒரு வணக்கத்தை முணுமுணுத்துவிட்டு, முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

டீச்சர் கொஞ்ச நேரம் அவள் முதுகையே பார்த்தார். பிறகு பையை மூத்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து, கூட்டத்தில் வழி கேட்டுப் போய், அந்தப் பெண்ணுக்கு எதிரே, அவள் முகம் தெரிகிற மாதிரி நின்றார்.