கண்ணாடியை உடைத்தவனுக்கு ஒரு கேடயம்

அவையை ஆளும் தலைவர் அவர்களே! என் அறியாமையைப் பல்லாண்டு பொறுத்தருளிய மூத்த மனநல மருத்துவர்களே! பிள்ளையின் முகம் பார்த்தே உள்ளம் அறியும் தாய்மார்களே! வீட்டில் நான் வாய் திறந்தாலே எழுந்து போய்விட்டு, இன்று வழியின்றி முன்வரிசையில் மாட்டிக்கொண்ட என் துணைவியே! அனைவருக்கும் வணக்கம்.

"மௌனத்தால் மனம் திறக்கும் மாமேதை" என்று கேடயத்தில் பொறித்திருக்கிறீர்கள். மேதையாம், மேதை! அந்த மௌனம் பிறந்த கதையைக் கேட்டால் கேடயத்தைப் பிடுங்கிக்கொள்வீர்கள்.

மனச்சோர்வை அளக்க நான் ஓர் அளவுகோல் செய்தேன். தூக்கம் எப்படி, பசி எப்படி, சாகத் தோன்றுகிறதா என்று கேள்விகள், பதிலுக்கேற்ப மதிப்பெண். யார் கேட்டாலும் ஒரே மதிப்பெண் வந்தால் நல்ல அளவுகோல் என்பார்கள். வந்ததே! நானும் என் உதவி மருத்துவரும் தனித்தனியே கேட்டோம். அச்சு அசலாக ஒரே மதிப்பெண். தலைகால் புரியவில்லை எனக்கு! அது அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்று யோசித்தேனா? யோசித்தால் என் தூக்கம் கெடுமே!

அப்போது வந்தார் ஒரு கிரேன் ஓட்டுநர். மனச்சோர்வால் விடுப்பில் இருந்தவர். தேறிவிட்டார் என்று நான் சான்றிதழ் கொடுத்தால்தான் மறுபடி கிரேனில் ஏறலாம். நான் தலை நிமிராமல் டிக் அடித்தேன். கேள்வி முடியுமுன்பே அவர் "இல்லை" என்றார். என்ன வேகம், என்ன முன்னேற்றம் என்று பூரித்தேன்!

சான்றிதழ் கொடுக்கும் நாள். உதவி மருத்துவர் அருகில் இருந்தார். நாற்காலியில் கிடந்த என் மூக்குக்கண்ணாடியின் மேல் நானே உட்கார்ந்துவிட்டேன். சிரியுங்கள், சிரியுங்கள்! என் துணைவி சிரித்தது போதாதா? கண்ணாடி இல்லாவிட்டால் கையிலுள்ள தாள் எனக்குத் தெரியாது. எதிரே இருப்பவர் நன்றாகத் தெரிவார். நானே எழுதிய கேள்விகள், ஒன்றாவது நினைவுக்கு வந்ததா? வரவில்லை! வேறு வழியில்லாமல் எதிரே இருந்த ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தேன். பட்டன் மாற்றிப் போட்ட சட்டை, உயிரில்லாத கண்கள். திருதிருவென விழித்தேன். அந்த விழிப்பைத்தான் உதவி மருத்துவர் மௌனம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்!

"கேள்வி கேக்கலையா டாக்டர்?" என்றார் ஓட்டுநர்.

"கண்ணாடி உடைஞ்சிருச்சு. நீங்களே சொல்லுங்களேன்."

அவர் மாற்றிப் போட்ட பட்டனை ஒருமுறை தடவினார். பிறகு மெல்லச் சொன்னார்: "எந்தெந்தக் கேள்விக்கு இல்லைன்னு சொன்னா விடுவீங்கன்னு எனக்குத் தெரியும் டாக்டர். மேல ஏறணும். ஏறினா படிவழியா இறங்கப்போறதில்ல."

பேனாவைக் கீழே வைத்தேன், அவையோரே. கண்ணாடி மட்டும் முழுசாக இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்! அன்றே அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். இன்று அவர் தரையில் நின்று புதியவர்களுக்குக் கிரேன் ஓட்டக் கற்றுத் தருகிறார். அவர் சொல்லச் சொன்னதால்தான் இதைச் சொல்கிறேன்.

அளவுகோலை எறிந்துவிட்டேனா? இல்லை. இரண்டு மருத்துவர்களும் ஒத்துப்போனது உண்மை. இரண்டு பேரும் ஒன்றுபோல் ஏமாந்ததும் உண்மை! இப்போதெல்லாம் முகம் பார்த்து, பேசவிட்டு, அப்புறம்தான் தாளை எடுக்கிறேன்.

தலைவரின் கை மணியை நோக்கிப் போகிறது. கேடயம் தந்தவர்களுக்கும், பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் நன்றி, வணக்கம். இதோ, உரையை மடித்துவிட்டேன், கண்ணாடியையும் கழற்றிவிட்டேன். இப்போதுதான் உங்கள் முகங்கள் தெரிகின்றன. எப்படி இருக்கிறீர்கள்? அவசரமில்லை, சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.