ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

பேரன்புக்குரிய அவைத்தலைவர் சிவானந்தன் அவர்களே, கொட்டும் மழையிலும் புந்தோங் வரை நடந்துவந்த பெரியோர்களே, தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தொண்டுக் கழகத்துக் கல்லூரி மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. வரிசை தவறினால் வார்த்தையும் தவறிவிடும். ஆகவே, தாளில் எழுதியிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. தலைமை பிறப்பில் வருவதன்று, பழக்கத்தில் வருவது.
2. தலைவன் முன்னால் நிற்கவேண்டும், பெயர் கூப்பிடவேண்டும், நேரம் தவறியவரைத் திருப்பி அனுப்பவேண்டும்.
3. கழகத்திலிருந்து விலகுவதாக மாணவர் ஸ்கந்தராஜா தந்த கடிதத்தை இன்று ஏற்பதா, மறுப்பதா?

பின்னால் கேட்கவில்லையா? தகரக் கூரை என்னைவிட உரக்கப் பேசுகிறது. கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

சென்ற ஆண்டு வெள்ளத்தை மறந்தவர் யார்? அந்த வெள்ளத்தில் காம்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மார்பளவு நீரில் இறங்கி, ஏழு குழந்தைகளைத் தோளில் சுமந்து கரைசேர்த்தார் ரப்பர்ப் பால்மரம் வெட்டும் ஒரு தொழிலாளி. பெயர் உடையப்பன். வயது இருபது. அவரைப் போன்றவர்களைத் தலைவர்களாக்கத்தான் ஞாயிறுதோறும் அங்கே இளைஞர் வட்டம் கூட்டினோம். நடத்தியவர் ஸ்கந்தராஜா. நடத்தும் விதிகளை எழுதியவன் நான்.

முதல் மாதம் முப்பது பேர். இன்று? ஒருவரும் இல்லை.

ஒரு ஞாயிறு உடையப்பன் தாமதமாக வந்தார். தாயாருக்குக் காய்ச்சல். விதிப்படி ஸ்கந்தராஜா அவரைத் திருப்பி அனுப்பினார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் மற்றவர்களும் வரவில்லை. ஸ்கந்தராஜா லயத்துக்கே போய் உடையப்பனிடம் கேட்டார்:

"நான் என்ன பிழை விட்டனான், சொல்லும்."

"நீங்க ஒண்ணும் பண்ணல, ஐயா."

"உமக்கும் எனக்கும் ஒரே வயசு. என்னை ஏன் ஐயா எண்டுறீர்?"

"நீங்க முன்னால நின்னு பேரு கூப்பிட்டா கை தன்னால கட்டிக்கிது. வேற எப்படிங்க கூப்பிடுறது? காலையில ஒரு பெரட்டு போதும்லா."

விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதே பெரட்டு. தாமதித்தவருக்கு அன்று வேலையில்லை. அதை அறியாதவர் இந்த மன்றத்தில் யார்? ஆயினும், உடையப்பன் கோபித்துக்கொண்டார், அது பிடிவாதம், தலைவனாகப் போகிறவர் பிடிவாதத்தை விடவேண்டும் என்றுதான் என் தாளில்...

என்னம்மா? சொல்லுங்கள். சபையோரே, இவர் நல்லம்மாள். உடையப்பனின் தாயார். இவர் குரல் உங்களை எட்டியிராது. சொன்னதை நானே திருப்பிச் சொல்கிறேன்: "அவன் கோவிச்சுக்கல, ஐயா. திருப்பி அனுப்புனா வீட்டுக்குத்தானே போவணும்? போயிட்டான். மறுபடி வான்னு யாரும் சொல்லலையே."

பொறுங்கள். இந்தத் தாளை மடித்து வைத்துவிடுகிறேன்.

கோபமில்லையா? குறையில்லையா? போ என்றோம், போனார். அவ்வளவுதானா? வெள்ளம் வந்தபோது எவர் ஆணைக்கும் காத்திராமல் இறங்கியவரை, எங்கள் ஒரு சொல்லுக்குக் காத்திருக்கும்படி ஆக்கிவிட்டோமா? தலைவரைத் தேடிப் போனோம், தலைகுனியப் பழக்கினோம். தோட்டம் ஆறு நாள் செய்ததை நாம் ஏழாம் நாளும் செய்தோம்.

ஸ்கந்தராஜா, எழுந்திருக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் உங்கள் குற்றம் என்று எழுதியிருப்பது உங்கள் குற்றமன்று. அது என் கையெழுத்திலுள்ள விதி.

அம்மா, இன்னும் ஏதோ கேட்கிறீர்கள். "இனிமே கூப்பிட்டா வருவானா" என்றா? எனக்குத் தெரியவில்லை, அம்மா. வரமாட்டார் என்றே அஞ்சுகிறேன். வராவிட்டாலும் நம் கழகப் பிள்ளைகள் போய்க் கேட்கத்தான் வேண்டும்; பெயர்ப் பட்டியலில்லாமல், உங்கள் வாசலில் உட்கார்ந்து.

அவைத்தலைவர் அவர்களே, ஸ்கந்தராஜாவின் கடிதத்தை மறுத்து, விதி எழுதும் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்க வேண்டுகிறேன். செயலாளர் குறித்துக்கொள்ளட்டும்: தலைவனைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது செய்தி தவறு.

மழையில் வந்து பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், குறுக்கே பேசித் திருத்திய தாயாருக்கும் நன்றி. இதற்குமேல் முன்னால் நிற்க எனக்குக் கூச்சமாயிருக்கிறது. இறங்கி உங்களோடு உட்காருகிறேன். வணக்கம்.