ஐந்து மணிப் பால்

தூங்கிவிட்ட குழந்தையைத் தோளிலிருந்து தொட்டிலுக்கு மாற்றுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. முதலில் இடுப்பு, அப்புறம் முதுகு, கடைசியாகத் தலை. கையை உடனே உருவிவிடக் கூடாது. காப்பகத்துக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு என்னைக் காட்டித்தானே மேடம் நீங்கள் பாடம் எடுப்பீர்கள். நேற்று விளக்கம் எழுதித் தரச் சொன்னபோது மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்தீர்கள். பரவாயில்லை, எழுதுகிறேன்.

பட்டாணி இங்கே வந்தபோது அவளுக்கு ஐந்து மாதம். பட்டாணி என்று பெயர் வைத்தது நான். அவள் அம்மா பல் டாக்டர், அப்பாவுக்கு வெளியூரில் வேலை. ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்க்கிற டாக்டருக்கு, சொந்தக் குழந்தையின் முதல் பல் எட்டிப் பார்த்ததை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பாவம், அவருக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. எனக்கோ அன்று தலைகால் புரியவில்லை.

குழந்தை யாரிடம் ஒட்டிக்கொள்ளும் என்பது பெரிய ரகசியம் இல்லை. பசித்தால் யார் வருகிறார்கள், பயந்தால் யார் தூக்குகிறார்கள், யார் வாசனை பழகியிருக்கிறது, அவ்வளவுதான். பெற்றவளா என்று அது சான்றிதழ் கேட்பதில்லை.

அம்மாக்கள் தாங்கள் உடுத்திய பழைய டி-ஷர்ட் ஒன்றைத் தொட்டிலில் வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். டாக்டருடையதை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் நன்றாகத் துவைத்து, ஒரு ராத்திரி நானே போட்டுக்கொண்டு தூங்கி, காலையில் மறுபடி வைத்துவிடுவேன். சுத்தம் முக்கியம் இல்லையா.

காலையில் டாக்டர் கையசைத்து விடைபெறப் பார்த்தார். "டாட்டா காட்டினா அழுவா டாக்டர். அவ பாக்காதப்ப சத்தம் போடாம கிளம்பிடுங்க" என்றேன். என் பேச்சைத் தட்டாத நல்ல பெண். பட்டாணி திரும்பிப் பார்ப்பாள், அம்மா இருந்த இடம் காலியாக இருக்கும். பக்கத்தில் நான் இருப்பேன்.

மாலைதான் முக்கியம். ஐந்து மணிக்குப் பால். டாக்டர் வருவது ஐந்தே முக்காலுக்கு. நான் டைரியில் "ஐந்து மணி, பால் குடித்தாள்" என்று மணிமணியாக எழுதிவிட்டு, புட்டியை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொள்வேன். பசியில் வீறிடும் பிள்ளையை அம்மா கையில் கொடுப்பேன். அவர் ஆட்டுவார், பாடுவார், வியர்த்து வழிவார். பத்து நிமிடம் பொறுத்து, "குடுங்க டாக்டர்" என்று வாங்கி, அந்தப் பக்கம் திரும்பிப் புட்டியை வாயில் வைப்பேன். கப்சிப்.

"என்னை அவளுக்குப் பிடிக்கவே இல்ல போலக்கா" என்றார் ஒருநாள், பிள்ளையின் சின்னச் சாக்ஸைக் கையில் கசக்கிக்கொண்டு.

"சேச்சே. உங்களைப் பழகிக்கணும்ல? கொஞ்ச நாளாகும்" என்றேன்.

அவர் எனக்கு நன்றி சொன்னார். பிறகு வராந்தா மூலையில் போய் அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் பட்டாணி என் தோளில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்குத் தலைவலி. ஒருநாள் முழுக்க அம்மாவோடு இருந்துவிட்டு, திங்கட்கிழமை வரும்போதே பட்டாணி அவரைப் பார்த்துச் சிரிப்பாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கும் வழி பிறந்தது. போன வாரம் டாக்டரே கேட்டார்: "ஞாயித்துக்கிழமையும் உங்க வீட்டுல வச்சுக்கறீங்களாக்கா? எங்கிட்ட அவ சந்தோஷமா இல்ல." நான் தொட்டில்கூட வாங்கிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுத்துவிட்டேன். என் இடத்தில் சமையல் அக்காவை நிறுத்தினீர்கள். அவருக்குச் சூதுவாது தெரியாது. டைரியைப் புரட்டிப் பார்த்து, ஐந்து மணி என்று நான் எழுதியிருந்தபடியே ஐந்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டார். வயிறு நிறைந்த பட்டாணி டாக்டரிடம் போய் அவர் மூக்கைப் பிடித்து விளையாடியிருக்கிறாள். மூன்று நாளும் அதே கதை. டாக்டர் முட்டாள் இல்லை. பழைய பக்கங்களைக் காட்டி அக்காவிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு, நேராக உங்கள் அறைக்கு வந்தார்.

ஆமாம் மேடம். மூன்று மாதம், வேலை நாள் ஒவ்வொன்றிலும், முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரு கைக்குழந்தையைப் பசியில் கதறவிட்டேன். அவளுக்கு அம்மாவைக் கண்டாலே ஆகாமல் போக வேண்டும் என்றுதான் செய்தேன். அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நேற்றுக் காலை வாசலில் அவளைப் பார்த்தேன். கையை நீட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள், அம்மாவின் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டாக்டர் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீம்புதான். மூன்று நாள் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப் போனேன் அல்லவா, கோபம் இருக்காதா? எனக்காக ஒரு தடவைகூட அவள் அழவில்லை என்கிறார் சமையல் அக்கா. மனசுக்குள் அழுதிருப்பாள். எட்டு மாதக் குழந்தை, என்னை விட்டால் வேறு யாரிடம் போய் அதைச் சொல்லிக்கொள்ளும்?